பாகாலாவிலிருந்து ஒரே நாளில் போர்ச்சுகீசியர் கால ஊர்கள்: தனி கார், தனி கைடு... எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

உங்கள் இன்ஸ்டாகிராமில் அந்த ரீல் கட்டாயம் வந்திருக்கும். லிஸ்பனில் ஹோட்டல் வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். கைடு சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பார். காலையில் சிந்த்ரா அரண்மனை, மதியம் ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்கு முனையான காபோ த ரோகா, மாலையில் காஷ்காய்ஷ் கடற்கரை. இதற்குப் பெயர் 'பிரைவேட் கைடட் டே ட்ரிப்'. ஒரு நாள், ஒரு வண்டி, ஒரு வழிகாட்டி, இரண்டு மூன்று பழைய ஊர்கள்.

அதைச் சேமித்து வைத்துவிட்டு, ஷெங்கன் விசா, ஃப்ளைட் டிக்கெட், லீவு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று விட்டிருப்பீர்கள்.

வார இறுதிக்கு பாகாலா வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜங்ஷனில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் போகும் ரயில் சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் போகிறது. இன்னொரு பக்கம் சித்தூர் தாண்டி, வேலூரை ஒட்டிய காட்பாடிக்குப் போகிறது. சந்திரகிரியும் வேலூரும் விஜயநகர அரசின் கடைசிக் காலத் தலைநகரங்கள். கடற்கரையில் எந்த வெள்ளைக்காரக் கம்பெனி கடை போடலாம், எது போடக்கூடாது என்பது இந்த இரண்டு கோட்டைகளில்தான் முடிவானது. அந்தக் கடற்கரை ஊர்களில் முக்கியமானவை பழவேற்காடும் சாந்தோமும். இரண்டிலும் முதலில் வந்து இறங்கிய ஐரோப்பியர்கள் போர்ச்சுகீசியர்கள்.

அதாவது, லிஸ்பனில் விற்கும் அதே ஒரு நாள் பயணத்தை உங்கள் ஊரிலிருந்தே போகலாம். ஆனால் சரியாகத் திட்டமிடாவிட்டால் நாள் முழுக்க காரில் உட்கார்ந்துவிட்டு, "அங்க ஒண்ணுமே இல்ல" என்று திரும்பி வருவீர்கள். ஏன், எப்படி என்று பார்ப்போம்.

மலையடிவாரத்துக்கும் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்?

வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கியது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். போர்ச்சுகீசியர்கள் 1510-ல் கோவாவையும், 1511-ல் மலாக்காவையும் பிடித்தார்கள். மலாக்கா கைக்கு வந்த பிறகுதான் சோழமண்டலக் கடற்கரையின் அருமை அவர்களுக்கு முழுதாகப் புரிந்தது. ஜாதிக்காய், கிராம்பு விளையும் தீவுகளில் நம் ஊர்த் துணிக்குப் பெரிய கிராக்கி. இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருளை ஏற்றிக்கொண்டு போனால் லாபம் பல மடங்கு. அந்தத் துணி கப்பல் ஏறிய முக்கியத் துறைமுகம் பழவேற்காடு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுகீசியப் பயணி துவார்த்தே பார்போசாவின் குறிப்புகளிலேயே இந்த ஊரின் வணிகம் இடம்பெற்றிருக்கிறது.

தெற்கே, மயிலாப்பூர்க் கரையில் வேறு ஒரு ஈர்ப்பு இருந்தது. இயேசுவின் சீடர் தோமா அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று நம்பப்பட்ட கல்லறை. 1523 வாக்கில் போர்ச்சுகீசியர்கள் அதைத் தோண்டிப் பார்த்து, அங்கே தேவாலயம் கட்டினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புதான் சாந்தோம். 1606-ல் அது தனி மறைமாவட்டமாகவும் ஆனது.

இந்தக் கரை முழுக்க விஜயநகர அரசர்களின் ஆளுகைக்குள் இருந்தது. 1592-ல் இரண்டாம் வேங்கடபதி தேவராயர் தலைநகரைப் பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்கு மாற்றினார். சில ஆண்டுகளிலேயே சாந்தோமிலிருந்து இயேசு சபைப் பாதிரியார்கள் அவருடைய அரசவைக்கு வந்தார்கள். ஐரோப்பிய ஓவியங்கள் மீது அரசருக்கு ஆர்வம் இருந்ததை அவர்களின் கடிதங்கள் சொல்கின்றன. பின்னர் அரசவை வேலூருக்கு நகர்ந்தது.

திருப்பம் 1610-ல் வருகிறது. போர்ச்சுகீசியர்களின் எதிரிகளான டச்சுக்காரர்களுக்கு, பழவேற்காட்டில் வணிகம் செய்ய வேங்கடபதி அனுமதி கொடுத்தார். கோபமடைந்த சாந்தோம் போர்ச்சுகீசியர்கள் 1612-ல் படையோடு வந்து டச்சுக் கிடங்கை அழித்தார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். அதன் பிறகு போர்ச்சுகீசியர்களால் பழவேற்காட்டை மீட்க முடியவில்லை.

இதுதான் உங்கள் ஒரு நாள் பயணத்தின் கதை. கடலில் யார் பலசாலி என்று போட்டி நடந்தது. ஆனால் கரையில் கால் வைக்க மலையடிவாரத்தில் இருந்த ஒரு அரசவையின் அனுமதி தேவைப்பட்டது. உங்கள் வீட்டிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அந்த இடம்.

நேரில் போனால் என்ன பார்க்க முடியும்?

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. கோவா மாதிரி வரிசையாகப் பழைய வீடுகளும் தேவாலயங்களும் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

சந்திரகிரி: ராஜமகாலும் ராணிமகாலும் நன்றாகவே நிற்கின்றன. கல், செங்கல், சுண்ணாம்பு கொண்டு கட்டிய ராஜமகாலில் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். இங்கே போர்ச்சுகீசியர் விட்டுப்போன கட்டடம் எதுவும் கிடையாது. அவர்கள் அனுமதி கேட்டு வந்த இடம் இது.

பழவேற்காடு: கெல்ட்ரியா கோட்டையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் தகர்த்துவிட்டார்கள். இன்று அது புதர் மண்டிய மேடு. அகழியின் தடம்தான் மிச்சம். முழுதாக நிற்பது டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அங்கே 76 கல்லறைகள் உள்ளன. வாசல் தூண்களில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். கல்லறைப் பலகைகளில் குடும்பச் சின்னங்கள், கப்பல்கள். போர்ச்சுகீசியர் காலத்தோடு நேரடித் தொடர்புள்ள இடம் என்றால் மகிமை மாதா ஆலயம். அதன் தொடக்கம் 1515 என்று சொல்லப்படுகிறது. இப்போது இருப்பது புதுக் கட்டடம். செம்புராங்கல்லில் ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும் விட்டுவிடாதீர்கள்.

சாந்தோம், மயிலாப்பூர், பரங்கிமலை: இப்போதுள்ள சாந்தோம் பேராலயம் 1890-களில் கட்டப்பட்டது. அதற்குக் கீழே இருக்கும் கல்லறைதான் பழையது. லஸ் தேவாலயத்தில் 1516 என்ற ஆண்டைத் தாங்கிய கல்வெட்டு இருக்கிறது. 'லஸ்' என்றால் போர்ச்சுகீசிய மொழியில் ஒளி. நம் மக்கள் வைத்த பெயர் காட்டுக் கோயில். பரங்கிமலை உச்சியில் 1523-ல் எழுந்த தேவாலயத்தில், பஹ்லவி எழுத்துகள் பொறித்த பழைய கற்சிலுவை இருக்கிறது.

கவனித்தீர்களா? மூன்று இடங்களிலும் கண்ணுக்கு நேராகத் தெரிவது குறைவு. அதனால்தான் இந்தப் பயணத்துக்கு கைடு வேண்டும். சிந்த்ரா அரண்மனைக்குக் கைடு இல்லாமல் போனாலும் அரண்மனை தெரியும். கெல்ட்ரியா கோட்டைக்குக் கைடு இல்லாமல் போனால் முள்செடிதான் தெரியும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

வரைபடத்தில் முடியும். நிஜத்தில் வேண்டாம்.

பாகாலாவிலிருந்து சந்திரகிரி சுமார் 30 கி.மீ. அங்கிருந்து திருப்பதி, புத்தூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சுமார் 145 கி.மீ.; மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டிலிருந்து சாந்தோம் 60 கி.மீ.தான். ஆனால் சென்னைக்குள் நுழையும் நேரம் மாலை நெரிசல் என்றால் இரண்டரை மணி நேரமும் ஆகலாம். திரும்ப பாகாலாவுக்கு இன்னும் நாலு மணி நேரம். நடு ராத்திரியில் வீடு வந்து சேருவீர்கள். டிரைவரும் பகல் முழுக்க வண்டி ஓட்டியவர் என்பதை மறக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் கடைசி 100 கி.மீ.தான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தானது.

அதனால் இரண்டு வழி சொல்கிறோம்.

ஒன்று, சந்திரகிரியும் பழவேற்காடும் மட்டும். காலை எட்டேகால் மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்கு சந்திரகிரி. பத்தரைக்குப் புறப்பட்டு, மதியம் 2 மணிக்குப் பழவேற்காட்டில் சாப்பாடு. மாலை 5 மணி வரை நடந்து பார்த்துவிட்டுக் கிளம்பினால் இரவு 9 மணி அளவில் பாகாலா. மொத்தம் சுமார் 350 கி.மீ.

இரண்டு, நீங்கள் வேலை பார்ப்பது சென்னையில் என்றால், சனிக்கிழமை அதே வழியில் கிளம்பி, பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கே போய்விடுங்கள். ஞாயிறு அரை நாளில் லஸ், சாந்தோம், பரங்கிமலை. மெட்ரோவும் ஆட்டோவும் போதும், கார் தேவையில்லை. ஞாயிறு காலை திருப்பலி நேரம் என்பதால் உள்ளே சுற்றிப் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பாகாலா வண்டி சென்னையில் உங்களை இறக்கிவிட்டாலும், அது ஊர் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

எவ்ளோ ஆகும்? பில் எப்படிப் போடுவாங்க?

'தனிப் பயணம்' என்று ஒரே தொகையாகச் சொன்னாலும் உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள்: வண்டிக்காரர், டிரைவர், கைடு. ஒவ்வொருவர் கணக்கையும் பிரித்துக் கேளுங்கள்.

வண்டி வாடகை கி.மீ. கணக்கில் வரும். வெளியூர் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கி.மீ. என்று வைத்திருப்பார்கள், நீங்கள் குறைவாக ஓடினாலும் அதற்குக் கட்ட வேண்டும். 'ஷெட் டு ஷெட்' என்றால், வண்டி அவர்கள் இடத்திலிருந்து கிளம்பித் திரும்பப் போய் நிற்கும் வரை மீட்டர் ஓடும். திருப்பதியிலிருந்து வண்டி வரவழைத்தால், பாகாலாவுக்கு வரும் 40 சொச்சம் கி.மீ.யும், திரும்பிப் போவதும் உங்கள் கணக்கு. அதனால் உள்ளூர் வண்டி கிடைத்தால் மிச்சம்.

கி.மீ.க்கு 15 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 350 கி.மீ.க்கு 5,250 ரூபாய். இதற்கு மேல் டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம், பார்க்கிங், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் போனால் இரவுக் கட்டணம். நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு தாங்கக்கூடியதுதான். உங்களிடம் சொன்ன ரேட்டை இந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். மொத்தத் தொகை நியாயமா என்று தெரிந்துவிடும்.

வண்டி விஷயத்தில் இரண்டு கேள்விகள் கட்டாயம். முதலாவது, மஞ்சள் போர்டா? தெரிந்தவர் என்று சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. விபத்து ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சிக்கலாகும். இரண்டாவது, ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் இருக்கிறதா, ஆந்திராவுக்கு மட்டுமான பெர்மிட்டா? நீங்கள் மாநில எல்லையைத் தாண்டப் போகிறீர்கள். எல்லையில் கட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் அது யார் செலவு என்பதை வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல கைடை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிரைவரே "நான் எல்லாம் சொல்றேன் சார்" என்பார். அவருக்கு வழி தெரியும். கதை தெரியும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. சுற்றுலா அமைச்சகமோ மாநில சுற்றுலாத் துறையோ கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து மொழி. சந்திரகிரியில் தெலுங்கு, பழவேற்காட்டில் தமிழ். சித்தூர்ப் பக்கம் வளர்ந்த உங்களுக்கு இரண்டும் வரும். ஆனால் கூட வரும் நண்பர்களுக்கு? ஒரே கைடை நாள் முழுக்க அழைத்துப் போவதைவிட, சந்திரகிரியில் ஒருவர், பழவேற்காட்டில் அந்த ஊர்க்காரர் ஒருவர் என்று பிரித்துக்கொள்வது பல நேரம் நல்லது. பணம் அந்த ஊரிலேயே தங்கும். கோட்டை மேட்டில் எந்த இடத்தில் அகழி ஓடியது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவதாக, போனிலேயே ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். "சென்னைக்கான நிலத்தை ஆங்கிலேயர்களுக்கு எழுதிக் கொடுத்தது சந்திரகிரி ராஜமகாலில்தானே?" என்று கேளுங்கள். "ஆமா சார், இங்கதான் கையெழுத்துப் போட்டாங்க" என்று மட்டும் சொன்னால் அவர் ஊரில் சொல்லும் கதையைச் சொல்கிறார். "1639-ல் பிரான்சிஸ் டேவுக்கு அனுமதி கொடுத்தது தமர்லா வேங்கடாத்ரி நாயக்கர். சந்திரகிரி அரசர் ஸ்ரீரங்கராயர் 1645-ல் அதை உறுதிப்படுத்தினார்" என்று பிரித்துச் சொன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். லஸ் தேவாலயக் கதையும் இப்படித்தான். கடலில் வழி தவறிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் வழிகாட்டியது என்பது நம்பிக்கை. கல்வெட்டில் இருக்கும் ஆண்டு ஆவணம். இரண்டையும் சொல்லி, எது எது என்றும் சொல்பவரே நல்ல கைடு.

பழவேற்காட்டில் இன்னொரு விஷயத்தையும் அவர் சொல்கிறாரா பாருங்கள். கெல்ட்ரியா கோட்டையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் சிக்கிய நம் மக்களை டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கி, பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பல் ஏற்றியது. அழகான கல்லறைச் சிற்பங்களைக் காட்டிவிட்டு இதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் கேட்டிருப்பீர்கள்.

படகு சவாரி போகலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்: வேண்டாம்.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். பார்த்ததும் படகில் ஏறத் தோன்றும். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு இங்கே கவிழ்ந்ததில் 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் கரையில் யாராவது "ஒரு ரவுண்டு போலாம் வாங்க" என்று கூப்பிடக்கூடும். மீன்பிடிப் படகு மீன் பிடிக்கத்தான். உங்கள் டூர் பட்டியலில் 'போட்டிங்' என்று இருந்தால், யாருடைய அனுமதி, லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். பறவைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாட்களில் மட்டும் தள்ளிப் போடுங்கள்.

சரி, இவ்ளோ சிரமப்பட்டு எதுக்குப் போகணும்?

திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்க 'சாவி'யை எடுப்பீர்கள். 'ஜன்னலை'த் திறந்துவிட்டு, 'அலமாரி'யிலிருந்து 'துவாலை' எடுத்துக்கொண்டு குளிக்கப் போவீர்கள். 'மேசை' மேல் 'அன்னாசி'யோ 'கொய்யா'வோ இருக்கும். இந்த ஏழும் போர்ச்சுகீசியச் சொற்களிலிருந்து நமக்கு வந்தவை. 1554-லேயே லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் நூல் ஒன்று அச்சாகிவிட்டது. மலேசியாவில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே கைலிக்குப் பெயர் 'கைன் பெலிகாட்'. பழவேற்காடு என்ற ஊர்ப்பெயர்தான் கடல் தாண்டிப் போய் அப்படி ஆகிவிட்டது.

ஊர் பெயர் அங்கே உடுத்தும் துணியில் இருக்கிறது. இங்கே கோட்டை முள்புதருக்குள் இருக்கிறது. கேட்க ஆள் வந்தால்தான் சொல்ல ஒருவர் இருப்பார். கைடுக்குக் கொடுக்கும் பணத்தை அப்படியும் நினைத்துக்கொள்ளலாம்.

புக் செய்வதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்

நாள் வெள்ளிக்கிழமை இல்லையே? வண்டி மஞ்சள் போர்டா, எந்த பெர்மிட்? கி.மீ. கணக்கு எங்கிருந்து எங்கே வரை? பேட்டா, சுங்கம், பார்க்கிங் உள்ளேயா வெளியேயா? கைடு யார், எந்த மொழி, அடையாள அட்டை உண்டா? நீங்கள் கேட்காத 'ஷாப்பிங்' நிறுத்தம் ஏதாவது பட்டியலில் இருக்கிறதா? ரத்து செய்தால் அட்வான்ஸ் என்ன ஆகும்? திரும்பும்போது டிரைவர் எத்தனை மணி நேரமாக ஸ்டியரிங்கில் இருப்பார்?

இந்த எட்டுக் கேள்விக்கும் ஒரே போன் காலில் பதில் சொல்பவரிடம் புக் செய்யுங்கள். லிஸ்பன் எங்கேயும் ஓடிவிடாது. அதற்கு முன்னால் சந்திரகிரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.